மூன்று வாரமாக 1600 கலோரி, எடை மட்டும் ஏறியிருக்கிறது: கொழுப்பா, தண்ணீரா?

பளுவான் | ஜூன் 3, இரவு 9:40

ஆண், 31 வயது, 174 செ.மீ. உயரம். உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம், வாரத்துக்கு நாலு நாள் வெயிட் ட்ரெய்னிங். ஆப்பில் எழுதி வைத்து 1600 கலோரி சாப்பிடுகிறேன், புரோட்டீன் 130 கிராம். கிரியேட்டின் (தசை வலிமைக்கு எடுக்கும் பவுடர்) முதல் வாரம் தினம் 20 கிராம், இப்போது 5. தண்ணீர் 5 லிட்டர். எடை 82.0-லிருந்து 82.4 ஆகியிருக்கிறது. இடுப்பு 2 செ.மீ. குறைந்த மாதிரி தெரிகிறது, அளவு நாடா பொய் சொல்கிறதா தெரியவில்லை. கலோரியை 1300-க்கு இறக்கலாமா? கொழுப்பு குறைவதும் தசை ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கவே நடக்காது என்று ட்ரெய்னர் சொல்கிறார். சரியா?


கிராம்தராசு | ஜூன் 3, இரவு 10:25

இறக்காதீர்கள். முதலில் அந்த 400 கிராம் என்னவென்று பார்ப்போம்.

முதல் வாரம் இப்படி அதிகமாக எடுத்து கிரியேட்டின் லோடிங் செய்தால் தசைக்குள் தண்ணீர் போகும். பலருக்கு முதல் வாரத்திலேயே 1 முதல் 2 கிலோ ஏறும். அது கொழுப்பு இல்லை. அடுத்தது, புதிதாக எடை தூக்கும் உடம்பில் தசை நார்கள் சேதமாகி, ஆறும்போது வீங்கும். கூடவே கிளைகோஜனும் (தசையில் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இந்த மூன்றையும் சேர்த்தால் 2 கிலோ தண்ணீர் ஏறியிருப்பது சாதாரணம். எடை 0.4 மட்டுமே ஏறியிருந்தால் மிச்சம் 1.6 கிலோ எங்கிருந்தோ போயிருக்க வேண்டும். இடுப்பு குறைந்திருப்பதால் எங்கிருந்து என்பதும் தெரிகிறது.

செலவைப் போட்டுப் பார்க்கலாம். சும்மா இருந்தாலே உடம்பு ஒரு நாளைக்கு எரிக்கும் கலோரியைக் கணிக்க 1990-ல் வந்த மிஃப்லின் சூத்திரம் ஆண்களுக்கு: எடை × 10, கூட்டல் உயரம் × 6.25, கழித்தல் வயது × 5, கூட்டல் 5. பெண்களுக்குக் கடைசியில் 5 கூட்டுவதற்குப் பதில் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 820 + 1087 − 155 + 5, சுமார் 1757. உட்கார்ந்த வேலை, நாலு நாள் ஜிம் என்றால் 1.45-ஆல் பெருக்கலாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2550 வருகிறது.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7700 கலோரி. 1.6 கிலோவுக்கு 12,320. அதை 21 நாளால் வகுத்தால் தினசரிப் பற்றாக்குறை 587. அப்படியானால் நீங்கள் உண்மையில் சாப்பிட்டது 1600 இல்லை, 1960 பக்கம். நடுவில் 360 கலோரி ஆப்புக்குத் தெரியாமல் உள்ளே போகிறது. சமையல் எண்ணெயை அளக்கிறீர்களா, கண் மதிப்பில் ஊற்றுகிறீர்களா?


நாலாவதுசெட் | ஜூன் 3, இரவு 10:41

கண் மதிப்புதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


பளுவான் | ஜூன் 3, இரவு 11:02

ஆப்பில் எண்ணெய்க்குத் தனியாக எதுவும் போடவில்லை. "கோழி வறுவல், ஒரு கிண்ணம்" என்று எடுப்பதில் அதுவும் சேர்ந்துதானே வரும்?


கிராம்தராசு | ஜூன் 4, காலை 6:15

சேர்ந்து வரும், ஆனால் யாரோ ஒருவர் வீட்டு எண்ணெய் வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், சுமார் 120 கலோரி. மூன்று கரண்டி போனால் 360.

அளக்கும் முறை: டிஜிட்டல் தராசில் எண்ணெய் பாட்டிலை வைத்து டேர் (பூஜ்யமாக்கும்) பட்டனை அழுத்துங்கள், சமைக்க ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். மைனஸில் காட்டும் எண்தான் நீங்கள் ஊற்றிய கிராம். கரண்டியைக் கழுவும் வேலைகூட இல்லை. நாலு பேருக்குச் சமைக்கிற பாத்திரம் என்றால் மொத்த எண்ணெயையும் மொத்த உணவின் எடையையும் குறித்துக்கொண்டு, உங்கள் தட்டில் விழுந்த பங்கை மட்டும் கணக்கில் எடுங்கள்.


உப்புக்கல் | ஜூன் 4, காலை 7:50

கிராம்தராசு, அந்தப் பின்னோக்குக் கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதில் எந்த எண்ணும் அவ்வளவு உறுதி இல்லை. மிஃப்லின் சூத்திரமே பலருக்கு 10 சதவீதம் முன்னே பின்னே போகும். அதன் மேல் 1.45 என்பது நம் ஊகம். 2550 என்பது 2300 ஆகவும் இருக்கலாம், 2800 ஆகவும் இருக்கலாம். தண்ணீர் 2 கிலோ என்பதும் ஊகம். எண்ணெய் 360 என்று பொருந்தினால் அது தற்செயல். எண்ணெயை அளக்கச் சொன்னது சரி, காரணம் சொன்னதுதான் கொஞ்சம் ஓவர்.


கிராம்தராசு | ஜூன் 4, காலை 8:20

ஒத்துக்கொள்கிறேன். திசையைக் காட்ட மட்டும் அந்தக் கணக்கு உதவும். நம்பத் தகுந்த செலவு எண் வேண்டுமென்றால் சூத்திரத்தை விட்டுவிட வேண்டும். கிரியேட்டின் நிலைத்த பிறகு மூன்று நாலு வாரம் எல்லாவற்றையும் கிராமில் எழுதி, சராசரி எடை எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துத் திருப்பிக் கணக்கிட வேண்டும். அதுவரை 2550 ஒரு தொடக்கம், அவ்வளவே.

எடை பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், குறைந்த உடையில். தினமும் குறித்துக்கொண்டு ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். வெளியே உப்பாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடுவதும், வயிறு சரியில்லாத நாளில் ஒரு கிலோ குறைவதும் கொழுப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் செலவுக்கு மேல் 7700 கலோரி தின்றிருக்க வேண்டும்.


நாலாவதுசெட் | ஜூன் 4, காலை 8:33

சில கல்யாண வீடுகளில் முயற்சி நடக்கிறது.


மருதாணி | ஜூன் 4, மதியம் 1:10

பெண்களுக்கு ஏழு நாள் சராசரியும் ஏமாற்றும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டால் டயட் வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும். இந்தச் சுழற்சியின் இரண்டாம் வாரத்தைப் போன சுழற்சியின் இரண்டாம் வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு முடிவுக்கு வர இரண்டு சுழற்சியாவது வேண்டும்.

இன்னொன்று, 1300-க்கு இறக்கலாமா என்று கேட்கும் பெண்களுக்காக: டயட் ஆரம்பித்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போகிறது, நின்றுபோகிறது என்றால் அது ஒழுக்கமான டயட்டுக்கு அடையாளம் இல்லை. உடற்பயிற்சிச் செலவு போக, கொழுப்பில்லாத உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் ஹார்மோனும் எலும்பும் பாதிக்கப்படும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. கலோரியை ஏற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதே நிலை ஆண்களுக்கும் வரும், காட்டிக்கொடுக்க மாதவிடாய் இல்லை என்பதுதான் வித்தியாசம்.


கிராம்தராசு | ஜூன் 4, இரவு 9:05

ட்ரெய்னர் சொன்ன "நடக்கவே நடக்காது" பற்றி.

புதிதாகத் தொடங்கியவர், கொழுப்பு அதிகம் உள்ளவர், இடைவெளி விட்டுத் திரும்ப வந்தவர், இந்த மூன்று பேருக்கும் நடக்கும். பல வருடம் தூக்கி, ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு ஏறக்குறைய நடக்காது. ட்ரெய்னர் தன் உடம்பை வைத்துப் பேசியிருக்கலாம்.

2016-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். இளம் ஆண்களுக்குத் தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உணவு, நாலு வாரம் கடும் பயிற்சி. ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன், இன்னொன்றுக்கு 2.4. அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறி, கொழுப்பு 4.8 கிலோ குறைந்தது. குறைவாகச் சாப்பிட்டவர்கள் தசையைத் தக்கவைத்தார்கள், 3.5 கிலோ கொழுப்பு போனது. ஆனால் அவர்கள் எல்லோரும் அதிக எடை உள்ளவர்கள், சாப்பாடு ஆய்வகம் கொடுத்தது, பயிற்சி வாரத்துக்கு ஆறு நாள். நம் வீட்டில் 40 சதவீதப் பற்றாக்குறையை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டாம் வாரம் இரவு பத்து மணிக்குச் சமையலறையில் நிற்போம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தினசரிப் பற்றாக்குறை 500 கலோரியைத் தொடும்போது தசை வளர்ச்சி சராசரியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. வலிமை மட்டும் பாதிப்பில்லாமல் ஏறுகிறது. அதனால் இரண்டும் வேண்டுமென்றால் பற்றாக்குறை 300 முதல் 400 போதும். பளுவானுக்கு 2150 கலோரி, 1300 இல்லை.


பளுவான் | ஜூன் 4, இரவு 9:30

குறைக்கலாமா என்று கேட்டால் ஏற்றச் சொல்கிறீர்கள்.


கிராம்தராசு | ஜூன் 4, இரவு 9:38

எழுத்தில் ஏற்றச் சொல்கிறேன். எண்ணெயை அளந்து எழுதினால் ஏற்கெனவே 2000-ஐத் தொட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

2150-ஐப் பிரிக்கும் விதம்: புரோட்டீன் 150 கிராம், 600 கலோரி. கொழுப்பு கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் 65, அதாவது 585 கலோரி. மிச்சம் 965 கலோரி கார்ப் (மாவுச்சத்து), சுமார் 240 கிராம். கொழுப்பை 0.5-க்குக் கீழே கொண்டு போகாதீர்கள். கார்பை வெட்டினால் எடை வேகமாக விழும், உண்மை. ஆனால் முதலில் விழுவது கிளைகோஜனும் அதன் தண்ணீரும். கூடவே ஜிம்மில் எட்டு தடவை தூக்கிய செட் ஆறில் நிற்கும்.


உப்புக்கல் | ஜூன் 5, காலை 6:40

தண்ணீருக்கு வருகிறேன், 5 லிட்டரை யாருமே கேட்கவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்ன அளவு, மிதமான வெப்பத்தில், ஆண்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 2.5 லிட்டர், பெண்களுக்கு 2. மொத்தம் என்றால் சோறு, பழம், குழம்பு, பால், காபி எல்லாவற்றிலும் இருக்கும் தண்ணீர் சேர்த்து. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உணவிலிருந்தே வந்துவிடும். எட்டு கிளாஸ் கதைக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1945-ல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் எழுதிய ஒரு வரி: கலோரிக்கு ஒரு மில்லி தண்ணீர். அதற்கு அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரி பரவவில்லை.

அடிப்படைக்கு மேல் எவ்வளவு தேவை என்பது உங்கள் வியர்வையைப் பொறுத்தது. அதை வீட்டிலேயே அளக்கலாம்:

பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் பயிற்சி. நடுவில் குடித்த தண்ணீரை மில்லியில் குறியுங்கள். முடிந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி உடையில்லாமல் எடை. 82.4 இருந்தது 81.7 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 0.7 + 0.5, மணிக்கு 1.2 லிட்டர். வியர்வையில் நனைந்த சட்டையோடு எடை பார்த்தால் கணக்குத் தப்பும், அதில் கால் கிலோ வரை நிற்கும். வெயில் காலத்தில் ஒரு தடவை, குளிர்ந்த நாளில் ஒரு தடவை செய்து பாருங்கள், இரண்டும் வேறு வேறாக வரும்.

எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்களுக்கு அது 1.6 கிலோ. ஏசி ஜிம்மில் ஒரு மணி நேரத்தில் அங்கே போக மாட்டீர்கள். முடிந்த பிறகு குறைந்திருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக. குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால் இந்தக் கூடுதல்.

ஆக உங்களுக்கு ஜிம் நாளில் 3 லிட்டர் சுற்றி, மற்ற நாளில் 2-ஐச் சுற்றி. நாள் முழுக்கப் பரப்பிக் குடிக்கும் 5 லிட்டர் ஆரோக்கியமான சிறுநீரகத்தை ஒன்றும் செய்யாது. தசைக்கும் ஒன்றும் செய்யாது. ராத்திரி இரண்டு தடவை எழுப்பிவிடும், அந்தத் தூக்கக் குறைவு தசையைப் பாதிக்கும்.


நாலாவதுசெட் | ஜூன் 5, காலை 7:15

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கொழுப்பு எரியுமாமே?


உப்புக்கல் | ஜூன் 5, காலை 7:31

எரியும். அரை லிட்டர் தண்ணீரை 5 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் சூடாக்க 16 கலோரி. நாலு பாட்டில் குடித்தால் அரை கரண்டி எண்ணெயைச் சமாளிக்கலாம்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் குடிப்பது வேறு விஷயம், அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வயிறு நிறைவதால் நடுவயதுக்கு மேற்பட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று 2010-ல் ஒரு ஆய்வு காட்டியது. இளைஞர்களிடம் அந்த விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை.


மருதாணி | ஜூன் 5, காலை 9:00

5 லிட்டரை ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட வேண்டாம். எத்தனை மணி நேரத்தில் குடிக்கிறோம் என்பதுதான் ஆபத்து. சிறுநீரகம் மணிக்கு வெளியேற்றக்கூடியது ஒரு லிட்டருக்கு உள்ளே. இரண்டு மணி நேரத்தில் நாலு லிட்டர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே வரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். தலைவலியை நீரிழப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் அங்கே நடக்கும் மோசமான தவறு.


உப்புக்கல் | ஜூன் 5, காலை 9:20

சரியான சேர்க்கை. நீண்ட நேரம் வியர்ப்பவர்களுக்கு உப்புக் கணக்கு: வியர்வையில் லிட்டருக்கு சுமார் அரை கிராம் முதல் 2 கிராம் வரை சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் அதிகம் இழக்கும் வகை. ஒரு கிராம் சோடியம் என்பது இரண்டரை கிராம் உப்பு. ஒரு மணி நேர ஜிம்முக்கு இது தேவையே இல்லை, அடுத்த சாப்பாட்டில் இருக்கும் உப்பு போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓடுவது, சைக்கிள், கால்பந்து என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு, 60 கிராம் சர்க்கரை. சர்க்கரை 80 கிராமைத் தாண்டினால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஜிம்முக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு அதிகம், சர்க்கரை குறைவு, வேலையே வேறு. அதைப் பாதித் தண்ணீரில் கலக்குவது நிஜமாகவே ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்.

சிறுநீர் நிறம்: வெளிர் மஞ்சள் போதும், நிறமே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள ரைபோஃப்ளேவினால் (பி2 வைட்டமின்) பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.


பளுவான் | ஜூன் 5, இரவு 10:10

காபி தண்ணீர்க் கணக்கில் வருமா? ஜிம்முக்கு முன் குடிக்கிறேன்.


உப்புக்கல் | ஜூன் 5, இரவு 10:22

வரும். பழகியவர்களுக்கு நாலைந்து கப் வரை உடம்பை வறளச் செய்வதில்லை. பயிற்சிக்கு உதவும் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன், ஒரு மணி நேரம் முன்பு. பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலை ஏழு மணி ஜிம்முக்கு இது வேண்டாம்.


கிராம்தராசு | ஜூன் 7, காலை 6:30

புரோட்டீன் பற்றித் தனிச் செய்தியில் நிறையக் கேள்விகள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எவ்வளவு: 49 ஆய்வுகளைச் சேர்த்த 2018 தொகுப்பாய்வில், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் சராசரியாகத் தெரியவில்லை. அந்த 1.6 துல்லியமான கோடு இல்லை, 2.2 வரையும் இருக்கலாம். டயட்டில் இருப்பவர் 1.8 வரை வைத்துக்கொள்ளலாம், பசியையும் அடக்கும். பளுவானுக்கு 150 சொன்னது அதனால்தான்.

இந்த எண்ணை அதிக எடை உள்ளவர்கள் அப்படியே பெருக்கக் கூடாது. 120 கிலோ உள்ளவர் 192 கிராம் போட்டுத் திணற வேண்டாம். அடைய நினைக்கும் எடை 75 என்றால் அதை வைத்து 120 முதல் 135. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த இழையில் உள்ள எந்தப் புரோட்டீன் எண்ணும் பொருந்தாது, மருத்துவர் சொன்னதுதான்.

எதிலிருந்து: பாக்கெட்டில் "புரோட்டீன் நிறைந்தது" என்று போட்டிருப்பதைப் பார்க்காமல், 100 கலோரிக்கு எத்தனை கிராம் கிடைக்கிறது என்று பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு 21. வே (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன்) பவுடர் 20 பக்கம். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 19. கொழுப்பெடுத்த சோயா உருண்டை 15. கொழுப்பு நீக்கிய பால் 10. முழு முட்டை 9. பருப்பு 7. கொழுப்புள்ள பால் 5. நிலக்கடலை நாலரை.

நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் புரோட்டீன் இருப்பது உண்மை. கூடவே 567 கலோரி இருப்பதும் உண்மை. அதை எண்ணெய்க் கணக்கில் வையுங்கள், புரோட்டீன் கணக்கில் வேண்டாம். பருப்பு நடுவில் நிற்கிறது: 25 கிராம் புரோட்டீனுக்கு 100 கிராம் உலர்ந்த பருப்பு, 350 கலோரி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பை மட்டும் நம்பி 150 கிராமுக்குப் போனால் கலோரி தாங்காது. சோயா, கொழுப்பு நீக்கிய பால், தயிர், ஒரு ஸ்கூப் பவுடர் என்று கலந்தால் வந்துவிடும்.


நாலாவதுசெட் | ஜூன் 7, காலை 7:02

கடலை மிட்டாயைப் புரோட்டீன் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சார்பில் ஒரு நிமிட மௌனம்.


மருதாணி | ஜூன் 7, காலை 10:45

எழுதும்போது நடக்கும் பெரிய தப்பு ஒன்று விட்டுப்போனது: பச்சை எடையா, வெந்த எடையா. அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். 200 கிராம் அரிசியை அளந்துவிட்டு ஆப்பில் "சோறு 200 கிராம்" என்று எடுத்தால் 260 கலோரி காட்டும், உண்மை 720. இறைச்சியில் நேர்மாறு, வெந்தால் தண்ணீர் வெளியேறிச் சுமார் முக்கால் பங்காகும். பச்சைக் கோழி நூறு கிராமில் 22, 23 கிராம் புரோட்டீன், வெந்தது நூறு கிராமில் 31. பச்சையாக அளந்து வெந்த எண்ணில் எழுதினால் புரோட்டீன் கூடுதலாகத் தெரியும். எதில் அளக்கிறீர்களோ அதே பதிவைத் தேர்ந்தெடுங்கள்.


பளுவான் | ஜூன் 7, இரவு 9:15

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் ஷேக் குடிக்கவில்லை என்றால் வீண் என்கிறார்களே? ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் சேராது என்றும்?


கிராம்தராசு | ஜூன் 7, இரவு 9:50

இரண்டும் பழைய கதை. பயிற்சிக்கு இரண்டு மணி முன் சாப்பிட்டிருந்தால் அது முடியும்போதும் செரித்துக்கொண்டுதான் இருக்கும். 2023 முடிவில் வெளியான ஒரு ஆய்வில் 100 கிராமை ஒரே வேளையில் கொடுத்தார்கள். 25 கிராமை ஒப்பிட, தசை உருவாக்கம் 12 மணி நேரத்துக்கு மேலும் கூடுதலாக நீடித்தது. வீணாகவில்லை, மெதுவாகப் பயன்பட்டது. நடைமுறைக்கு, கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் நாலு வேளை. உங்களுக்கு 35 பக்கம். வேளை மூன்றாகப் போனாலும் குடிமுழுகாது. மொத்தம்தான் முக்கியம்.


மருதாணி | ஜூன் 9, மதியம் 2:20

மலச்சிக்கல் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நான் பேசிவிடுகிறேன். கோழி, முட்டை, பவுடர் என்று மாறும்போது நார்ச்சத்து விழும். 1000 கலோரிக்கு 14 கிராம் என்றால் 2150-க்கு 30 கிராம். ஒரே நாளில் 10-லிருந்து 30-க்குப் போனால் வயிறு பலூனாகும், வாரத்துக்கு ஐந்து கிராம் ஏற்றுங்கள். அந்த வாரங்களில் எடையும் கொஞ்சம் கூடித் தெரியும், குடலில் இருக்கும் எடை அது.


உப்புக்கல் | ஜூன் 12, காலை 7:05

கிரியேட்டினுக்கு ஒரு பின்குறிப்பு. 20 கிராம் லோடிங் கட்டாயம் இல்லை. தினம் 3 கிராம் எடுத்தாலும் நாலு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பும் என்பது 1996-லேயே தெரிந்தது. அவசரமில்லாதவர்களுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும். லோடிங்கில் வயிறு கலங்கினால் நாலாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டும், அதைப் பார்த்துச் சிறுநீரகம் கெட்டது என்று பயப்படுவார்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி பரிசோதனை இருக்கிறது, அது தசையையும் கிரியேட்டினையும் பொருட்படுத்தாது.

ஜிம்மில் காலை வைத்து ஏறி நிற்கும் கொழுப்பு சதவீத மெஷினையும் இப்போது நம்பாதீர்கள். அது மின்சாரம் ஓடும் தடையை வைத்து உடல் தண்ணீரைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, வியர்த்து, மறுபடி ஏறினால் வேறு எண் வரும். தொப்புள் மட்டத்தில் நாடா, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வாரம் ஒரு தடவை. அது போதும்.


பளுவான் | ஜூன் 24, இரவு 9:00

எண்ணெயை அளந்ததில் ஒரு நாளைக்கு 40 கிராம் என் பங்குக்குப் போயிருக்கிறது. இப்போது 20. மொத்தம் 2150 எழுதுகிறேன், பசி குறைவு. வாரச் சராசரி 82.2, 81.9, 81.5. ஸ்குவாட் ஏறுகிறது. இதைவிட வேகமாகக் குறைக்க முடியாதா?


கிராம்தராசு | ஜூன் 24, இரவு 9:35

40 கிராம் எண்ணெய் 360 கலோரி. உப்புக்கல் இதைப் பார்க்கிறாரா?


உப்புக்கல் | ஜூன் 24, இரவு 9:41

தற்செயல்.


கிராம்தராசு | ஜூன் 24, இரவு 10:00

இருக்கட்டும். வேகம் பற்றி: 2011-ல் நார்வே விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில் வாரம் 0.7 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 2 சதவீதம் ஏறியது. 1.4 சதவீதம் குறைத்தவர்களுக்கு ஏறவில்லை. நீங்கள் 0.4, 0.5-ல் போகிறீர்கள். விருப்பம் இருந்தால் 2000-க்கு இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். சராசரி மூன்று வாரம் நகராமல் நின்றால்தான் மறுபடி 150 குறைக்க வேண்டும். குறைப்பதற்கு முன் தினசரி நடை குறைந்துவிட்டதா என்று பாருங்கள். டயட்டில் இருக்கும்போது நமக்கே தெரியாமல் அசைவு குறையும், லிஃப்டைத் தேடுவோம்.


நாலாவதுசெட் | ஜூன் 25, காலை 6:50

எல்லாம் சரி, வே பவுடரைச் சூடான பாலில் போட்டால் கட்டி கட்டியாகிறதே, அதற்கு என்ன வழி? புரோட்டீன் செத்துப்போகுமா?


மருதாணி | ஜூன் 25, காலை 8:15

சாகாது. சூட்டில் அதன் வடிவம் கலைந்து திரளும், வெந்த முட்டை மாதிரி. அமினோ அமிலம் அப்படியே இருக்கும். முதலில் 50 மில்லி குளிர்ந்த பாலில் பவுடரைக் கூழாகக் குழைத்துக்கொண்டு, விரல் பொறுக்கும் சூட்டில் உள்ள பாலை மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் வடிகட்டிதான் புரோட்டீன் சாப்பிடும்.